கஞ்சிராவும் காதுமெத்தையும்

புது ஹெட்போன் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் போட்டுக் கேட்பது கஞ்சிராவைத்தான். ஜி. ஹரிசங்கர் வாசித்த ஏதாவது ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கம் ஒரு சுற்று முடித்து விட்டுக்கொடுக்க, கஞ்சிரா அதை வாங்கிக்கொள்ளும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். வலக்கை அடித்த அடியை இடக்கை விரல்கள் தோலின் ஓரத்தில் அழுத்தி மேலும் கீழுமாக வளைக்கும். அந்தக் கும்கி அடிவரை இறங்கி, குழைந்து, திரும்பி மேலே வந்தால் ஹெட்போன் தேறியது. ‘டொப்’பென்று நின்றுவிட்டால் எங்கோ ஒலி கசிகிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் சட்டத்தில் கோத்திருக்கும் காசுகளின் சிலிர்ப்பு மேலே தனியாகக் கேட்க வேண்டும். அடியோடு கலந்து இரைச்சலாகிவிடக் கூடாது. ஏழெட்டு அங்குல விட்டத்தில் ஒரு பலாமரச் சட்டம், அதில் ஒரு தோல், ஒரே ஒரு துளையில் மூன்று நான்கு காசுகள். காது கேட்கக்கூடிய கீழ்க்கோடியையும் மேல்கோடியையும் இவ்வளவு சின்ன வாத்தியம் ஒரே அடியில் தொட்டுவிடுகிறது.

இதில் ஊர்ப்பாசமும் உண்டு. பஜனையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922). மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றவர். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மேதை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளில் அத்தனை பக்கவாத்தியங்களுக்கு நடுவே அவருடைய கஞ்சிராவும் இருந்தது. இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. தஞ்சாவூர் பாணி என்று சொல்கிறபோதே புதுக்கோட்டை பாணி என்றும் சேர்த்துச் சொல்ல வைத்தவர்கள் இவர்கள். ஒலிபெருக்கி பரவுவதற்கு முன்பே இவர்களுடைய வாத்தியம் கூட்டத்தின் கடைசி வரிசைவரை போயிருக்கிறது. நாம் அதே வாத்தியத்தைக் காதுக்கு அரை அங்குலத் தூரத்தில் வைத்துக் கேட்கிறோம்.

நல்ல ஹெட்போன் ஒன்றை ஆசையாக வாங்கிய நண்பர்கள், கொஞ்ச நாள் கழித்து ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: கேபிளை மாற்றினால் இன்னும் நன்றாகக் கேட்குமா? சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. வெள்ளி முலாம் பூசிய செம்பு, சுத்த வெள்ளி, ஒற்றைப் படிகச் செம்பு, எட்டுப் புரிப் பின்னல், பதினாறு புரிப் பின்னல். சில நூறு ரூபாயில் ஆரம்பித்து லட்சத்தைத் தொடுகிறது விலை. ஹெட்போனைவிடக் கேபிள் விலை கூடுதலாக இருப்பதும் உண்டு. நான் சொல்லும் பதில் அவர்களுக்கு முதலில் பிடிப்பதில்லை. கேபிளை மாற்றுங்கள், ஆனால் கழுத்துக்காக மாற்றுங்கள். ஒலிக்காக என்றால் மெத்தையை மாற்றுங்கள் என்பேன்.

கம்பியை மாற்றினால் நாதம் மாறும் என்ற நம்பிக்கையை நான் லேசாக நினைக்கவில்லை. நம் இசையே அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வீணையில் எஃகுத் தந்திக்குப் பதில் பித்தளைத் தந்தி போட்டால் நாதம் வேறு. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் ஜீவா வெறும் நூல்தான்; அதை மயிரிழை நகர்த்தினால் தந்தி ஊமையாகும், இன்னும் மயிரிழை நகர்த்தினால் ரீங்காரம் எழும். எங்கள் மாவட்டத்துப் பாறைகளும் தந்தியின் பெருமையைத்தான் பேசுகின்றன. திருமெய்யத்திலும் மலையக்கோயிலிலும் ‘பரிவாதினி’ என்ற பெயர் பாறையில் இருக்கிறது. அது ஏழு தந்தி வாத்தியத்தின் பெயர். குடுமியான்மலையில் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ருத்ராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் பொறிக்கச் செய்த சுர வரிசைகள் ஏழு பகுதிகளாக இறங்குகின்றன. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறது. நுண்சுருதிகளை இப்படிக் குறித்தார்கள் என்று கொள்கிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மண்ணில் ஒருவன் செம்புக்கும் வெள்ளிக்கும் ஒலி வேறுபடும் என்று நினைத்தால் அதில் தப்பில்லை.

ஆனால் வீணையில் தந்திதான் அதிர்கிறது. தம்புராவில் ஜீவா அந்த அதிர்வின் வழியில் போய் நிற்கிறது. ஹெட்போன் ஒயர் அதிர்ந்து நாதம் தருவதில்லை. அதன் வழியாக மின்சாரம் போய், உள்ளே இருக்கும் சவ்வை அசைக்கிறது. நாதம் அந்தச் சவ்விலிருந்தும், சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்ட காற்றிலிருந்தும் வருகிறது. ஒயர் செய்யக்கூடிய கெடுதல், மின்சாரத்தைக் கொஞ்சம் தடுப்பது. அந்தத் தடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சாதாரணச் செம்பு ஒயரில், போகவும் வரவும் சேர்த்து, தடை ஏறக்குறைய அரை ஓம். சென்ஹைசர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த எச்டி 600 இன்னும் பலர் கொண்டாடும் ஹெட்போன். அதன் மின்தடை 300 ஓம். முந்நூறுக்கு முன்னால் அரை என்றால், ஒலியில் குறைவது ஒரு டெசிபலில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 32 ஓம் ஹெட்போனாக இருந்தால் ஏழில் ஒரு பங்கு டெசிபல். கூர்ந்து கேட்டுப் பழகிய காதுக்கே அரை டெசிபல் வேறுபாட்டைப் பிடிப்பது கஷ்டம். இனி வெள்ளிக்கு வருவோம். செம்பைவிட வெள்ளி சுமார் ஆறு சதவீதம்தான் கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும். அரை ஓமில் ஆறு சதவீதம் என்பது எந்தக் காதுக்கும் எட்டாத அளவு. தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி. துருப்பிடிக்காது என்பதற்காகத்தான் பின்னில் பூசுகிறார்கள், அதற்கு அது சரியான காரியம்.

விதிவிலக்கு இரண்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் ஒரே குப்பிக்குள் நான்கைந்து சிறிய ஒலிப்பான்கள் இருக்கும். அவற்றின் தடை சில அலைவரிசைகளில் ஐந்து ஓம், அதற்கும் கீழே என்று சரியும். அங்கே அரை ஓம் ஒயர் ஒரு டெசிபல்வரை சாய்த்துவிடும். கனமான ஒயருக்கு அங்கே வேலை உண்டு. இரண்டாவது, மலிவான ஒயர்களில் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் திரும்பும் கம்பி ஒன்றே. பொதுக் கம்பியின் தடை கொஞ்சம் கூடினால் இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் மெலிதாக எட்டிப்பார்க்கும். நான்கு தனிக் கம்பி உள்ள ஒயரில் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான்கு கம்பிச் செம்பு ஒயருக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

அப்படியானால் கேபிளை மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கேட்டது நிஜமான வித்தியாசமாகவே இருக்கலாம். கேபிளை மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹெட்போனைக் கழற்றுகிறோம். பழைய பின்னை உருவிப் புதியதைச் செருகுகிறோம். அந்த உரசலில் பின்னில் படிந்திருந்த அழுக்கு துடைபடுகிறது. பிறகு மறுபடி தலையில் மாட்டுகிறோம். மாட்டும்போது மெத்தை முன்பு இருந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். காதுமடலுக்கும் ஒலிப்பானுக்கும் உள்ள கோணம் மாறும். இந்தச் சின்ன நகர்வில் மேல் ஸ்தாயி ஒலிகள் பல டெசிபல் ஏறும், இறங்கும். செயற்கைக் காது வைத்து ஹெட்போனை அளக்கிறவர்கள் இதனாலேயே பலமுறை கழற்றி மாட்டி, சராசரி எடுக்கிறார்கள். வெள்ளிக்குக் கொடுத்த பணத்தால் வந்தது என்று நாம் நினைக்கும் மாற்றத்தை, ஹெட்போனை ஒருமுறை கழற்றி மாட்டியதே கொடுத்திருக்கிறது. காது ஏமாறவில்லை. காரணத்தைச் சொன்ன வாய்தான் தவறிவிட்டது.

புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ரேடியோக் காலத்திலிருந்தே பழுது பார்க்கும் ஒருவரிடம் என் ஒயர்கள் போகும். கடைக்கு முன்னால் பெஞ்ச். மேஜைக்கு மேலே பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. ஒரு பக்கம் கேட்காமல் போன ஹெட்போனைக் கொடுத்தால் அவர் மீட்டரை எடுப்பதற்கு முன் ஒயரை ஜாக்கின் கழுத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்ப்பார்.

“ஒயரு நல்ல ஒயருதான் சார். கழுத்துல போயிருச்சு. எல்லாருக்கும் இந்த எடத்துலதான் போகும்.”

“புது கேபிளே போட்றலாமாண்ணே?”

“எதுக்கு? ரெண்டு இஞ்சு வெட்டிட்டுப் புது ஜாக்கு போட்டா இன்னும் பல வருசம் ஓடும்.”

பிளேடால் மேலுறையைச் சீவினால் உள்ளே முடியைவிடச் சற்றே தடித்த கம்பிகள், சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில். அவற்றோடு சேர்த்து முறுக்கிய வெள்ளை நைலான் நூல். இழுவையைத் தாங்குவது அந்த நூல்தான். கம்பியின் மேல் சாயம் போலத் தெரிவது எனாமல் பூச்சு. அதன் மேல் ஈயம் பற்றாது. லைட்டரை ஒரு நொடி காட்டி, பூச்சைப் பொசுக்கி, விரலால் துடைத்துவிட்டு ஈயம் வைப்பார். மெல்லிய புகையோடு ஈயம் கம்பியில் ஏறிப் பளபளக்கும். ஒயர் எங்கே சாகிறது என்பதை அவர் மேஜையில் பார்த்தால் புரியும்: ஜாக்கின் கழுத்தில், இடமும் வலமும் பிரியும் கவட்டையில், காதுக்குடுவைக்குள் நுழையும் வாயில். அந்த மூன்று இடத்திலும் உலோகத்தின் தரம் உதவாது. வளையும் இடத்தில் ரப்பர் மூட்டு மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கிறதா என்பதே பேச்சு. எங்கள் ஊர் வியர்வைக்கு இன்னொன்றும் உண்டு. உள்ளே தெரியும்படி கண்ணாடி போன்ற உறை போட்ட விலை உயர்ந்த ஒயர்களில்கூடச் செம்பு சில வருஷத்தில் பச்சையாகிவிடுகிறது. களிம்பு ஏறிய செம்பு பார்க்கத்தான் அசிங்கம்; உள்ளே புரி அறாதவரை பாட்டு குறையாமல் வரும்.

   

இனி, கேபிளை எதற்காக மாற்றலாம் என்பதற்கு வருகிறேன். ஹெட்போனோடு வரும் ஒயர்கள் சில மூன்று மீட்டர் நீளம். ஸ்டுடியோவில் எழுந்து நடமாடுகிறவருக்கு அது சரி. கட்டிலில் சாய்ந்து கேட்கிறவருக்குக் காலில் சிக்கும். சில ஒயர்கள் சுருட்டி வைத்த மடிப்பை மறக்கவே மறக்காது. விரித்த பிறகும் முறுக்கிக்கொண்டு கன்னத்தில் இடிக்கும். பின்னல் போட்ட விலை உயர்ந்த கேபிள்கள் கனம். தலை திருப்பும்போதெல்லாம் ஒரு பக்கக் குடுவையைக் கீழே இழுக்கும். இழுத்த பக்கம் மெத்தை காதுக்குப் பின்னால் லேசாகத் தூக்கும், அங்கே காற்று கசியும், கஞ்சிராவின் கும்கி போய்விடும். ஒலிக்காக வாங்கிய கேபிள் தன் எடையாலேயே ஒலியைக் கெடுப்பதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

காதுக்குள் செருகும் இயர்போன்களில் கேபிளுக்கே ஒரு சத்தம் உண்டு. துணி உறை போட்ட ஒயர் சட்டைப் பொத்தானில் உரசினால் அந்த உரசல் ஒயர் வழியே ஏறிக் காதுக்குள் ‘கரகர’வென்று வரும். மீட்டர் காட்டாத, ஆனால் எல்லோருக்கும் கேட்கும் கெடுதல் இது. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றி முதுகுப் பக்கம் விட்டால் பாதி அடங்கும். மிருதுவான ரப்பர் உறை இருந்தால் மீதியும் அடங்கும். மெல்லிய, எடை குறைந்த, சொன்னபடி வளையும், ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள செம்பு ஒயருக்குச் செலவு செய்தால் அந்தப் பணம் வீணாகாது.

பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் காதுமெத்தை. கடையில் குஷன் என்பார்கள். ரெக்சின் போட்ட குஷன் புதிதாக இருக்கும்போது தோலோடு ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும்; கீழ் ஸ்தாயி திடமாக இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு கோடை கடந்தால் ரெக்சின் வெடிக்கிறது. கறுப்புச் செதில்கள் உதிர்ந்து காதோரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் ஃபோம் அமுங்கிப்போய்க் காதுமடல் ஒலிப்பானின் வலையில் இடிக்கத் தொடங்குகிறது. அப்போதே ஒலி மாறிவிட்டது. கீழ் ஸ்தாயி மெலிந்து, ஜால்ரா மேலே ஏறி உறுத்தும். ஹெட்போன் பழசாகிவிட்டது என்று சொல்லிப் புது கேபிளைத் தேடுகிறவர்களுடைய குஷனைத் தொட்டுப் பார்த்தால் அப்பளமாகத்தான் இருக்கும்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே போகிறது. கெட்டியான மெத்தை அந்தக் காம்பைச் சுற்றி வளைந்து கொடுக்காது. காம்புக்கு மேலும் கீழும் சந்து விழும். அந்தச் சந்து வழியே நூறு ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் உள்ள ஒலி எல்லாம் வெளியே போய்விடும். கூடவே காம்பு எலும்பை அழுத்தி வலி. மெத்தை மென்மையாக இருந்தால் வலியும் இல்லை, கசிவும் இல்லை. சுகம் ஒரு தட்டு, ஒலி ஒரு தட்டு என்று தராசு பிடிக்கிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். சந்தில்லாமல் காதைச் சுற்றி அமர்ந்த மெத்தைதான் சுகமும் தருகிறது, கும்கியையும் தருகிறது.

இரண்டும் நிஜமாகவே மோதும் இடம் எங்கள் ஊர் வெக்கை. புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. ஏரிகளும் கண்மாய்களும் மழையை நம்பி நிற்கும் மாவட்டம். மே மாதத்தில் மூடிய முதுகுள்ள ஹெட்போனை அரை மணி நேரம் போட்டால் காது நனைந்துவிடும். வெல்வெட் மெத்தை போட்ட, முதுகு திறந்த ஓபன் பேக் ஹெட்போன் காற்றோட்டமாக இருக்கும். ஒலியும் தலைக்குள் அடைபடாமல் விரிந்து வரும். ஆனால் அந்த மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. மின்விசிறியின் உறுமல் திறந்த முதுகு வழியே உள்ளே வந்து, சரியாகக் கஞ்சிராவும் தம்புராவும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆள் என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். மூன்று டெசிபல் கூட்டினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. மின்விசிறியை வெல்ல ஒன்பது டெசிபல் கூட்டினால் 40 மணி நேரம் ஐந்தாகச் சுருங்குகிறது. இதற்கு எந்தக் கேபிளும் மருந்தாகாது. விடிகாலையில், மின்விசிறி வேண்டாத ஒன்றரை மணி நேரத்தில், ஓபன் பேக். பகலில் மூடியது, துணி மெத்தையோடு, நடுவே கழற்றி வைத்துக் காதை ஆற விட்டு. என் ஏற்பாடு இது. வேறெங்கோ ஏசி அறையில் இருப்பவருக்கு இது பொருந்தாது. எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும்.

சுகத்தைத் தேடுவது ரசனைக் குறைவு என்று நினைக்கும் ஒரு போக்கு நம்மிடம் இருக்கிறது. தலை நொந்தாலும் நாதம் முக்கியம் என்பார்கள். அவர்களைச் சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கிச் சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இயற்கைக் குகை அது. பதினேழு கல் படுக்கைகள் இருக்கின்றன, வழவழப்பாகத் தேய்த்தவை. தலைமாட்டில் தலையணை போலக் கல்லை உயர்த்தி விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். வீடு, சொத்து, உறவு எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், உடம்பு நொந்துகொண்டிருந்தால் மனம் நிற்காது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். தலைக்குச் சற்று உயரம் கொடுத்துவிட்டுத்தான் தியானத்தில் இறங்கினார்கள். ஒரு ராகம் தானம் பல்லவி முழுவதையும் அசையாமல் கேட்க நினைப்பவருக்கு இந்தத் தலையணை நல்ல பாடம். கழுத்து வலித்தால் தானத்தைத் தாண்டாது கவனம்.

ஹெட்போனின் சரித்திரமும் பெரும்பாலும் எடையைக் குறைத்த சரித்திரமே. ஆரம்பகால ரேடியோவான கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரம் வேண்டாம், ஹெட்போன் வேண்டும். சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பு தொடங்கிய காலத்தில் ரேடியோ என்பதே பலருக்குக் காதில் இறுக்கிய இரும்புதான். 1979இல் சோனி வாக்மன் வந்தபோது அதோடு கொடுத்த ஹெட்போன் ஐம்பது கிராம் அளவுக்குத்தான் இருந்தது. அதுவரை வீட்டில் வைத்துக் கேட்டவை முந்நூறு, நானூறு கிராம். ஒலியில் பெரியவை மேல். ஆனால் ஜனங்கள் எதை மாட்டிக்கொண்டு நடந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2016இல் ஐபோன் 7 ஜாக்கையே எடுத்துவிட்டது, ஒயரும் போயிற்று. ஒயரில்லாத சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் குப்பிக்குள் இருக்கும் பேட்டரி சில வருஷத்தில் செத்துவிட்டால் கீழ ராஜ வீதிச் சந்தில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒயர் வைத்த ஹெட்போனை அவர் லைட்டரும் ஈயமும் வைத்துப் பிழைக்க வைப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஒயரின் பக்கம் நிற்கிறேன்.

ஒலியை மட்டுமே நிறுக்கக் கூடாது என்பதைக் கஞ்சிரா வித்வான்களே நமக்கு முன்னால் செய்து காட்டிவிட்டார்கள். கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தியது உடும்புத் தோல். மெல்லியது, இழுவை தாங்கும், உள்பக்கம் தண்ணீர் தெளித்தால் இளகி அடி ஸ்தாயிக்கு இறங்கும். அந்தக் கும்கிக்கு நிகரான இன்னொரு தோல் இல்லை என்றே பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி. இன்று ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் கலைஞர்கள் மாறுகிறார்கள். செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், மேடைக்கு மேடை சுருதி மாறாது, மழைக்காலத்தில் தொய்யாது. நாதத்தில் ஒரு மாற்று குறைவு என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே ஏற்றுக்கொண்டு, குறைவை விரலால் ஈடுகட்டுகிறார்கள். உயிரோடு திரியும் ஒரு பிராணியைக் காக்க அவர்களால் நாதத்தில் அவ்வளவு விட்டுக்கொடுக்க முடிகிறதென்றால், காதில் விழாத ஒரு நூற்றில் ஒரு பங்கு டெசிபலை நாம் விட்டுக்கொடுப்பதில் கஷ்டம் ஏதுமில்லை.

தலைப்பட்டையின் இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. புது எச்டி 600 இடுக்கி மாதிரி தலையைப் பிடிக்கும். அதைப் புத்தக அடுக்கின் மேல் சில இரவுகள் விரித்து மாட்டி வைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். ஆனால் அளவுக்கு மேல் தளர்த்தினால் மெத்தை தூக்கும், மறுபடி கசிவு. தலையை ஆட்டினால் நகரக் கூடாது, பேசினால் தாடையில் உறுத்தக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கேபிள் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள்; கழற்ற முடிந்தால் போதும், வெள்ளி வேண்டாம். கடையில் கால் மணி நேரம் தலையில் போட்டு, கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் கேளுங்கள். கஞ்சிராத் தனி ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். கடைசியாக, இந்த மாடலுக்கு மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்று சொன்னால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்த ஹெட்போனை வாங்காதீர்கள்.